32 அடிப் படகில் ஏர்கோன்: மெஷின் பாதி, தண்ணீர் பாதி

மலேசியாவின் லங்காவியில், மரினாவில் (படகுகள் நிறுத்தும் துறையில்) கட்டி வைத்திருக்கும் எங்கள் 32 அடிப் பாய்மரப் படகில் ஏர்கோன் ஒருவழியாக விடிய விடியப் பழுதில்லாமல் ஓடுகிறது. கடல்நீரால் சூட்டை வெளியேற்றும் 12,000 பிடியூ மெஷின் (பிடியூ என்பது குளிராக்கும் திறனின் அளவு). மொத்தச் செலவு 9,400 வெள்ளி (ரிங்கிட்). மெஷினின் விலை அதில் 4,900தான். மீதி எல்லாம் கடல்நீர் உள்ளே வந்து வெளியே போகவும், கரண்ட் பத்திரமாக வரவும், குளிர்ந்த காற்று போக வேண்டிய இடத்துக்குப் போகவும் ஆனது. இந்த வேலையை யோசிப்பவர்கள் மெஷின் விலைப்பட்டியலைப் புரட்டுவதற்கு முன்னால் ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு இருக்கைக்கு அடியில் தலையை விட்டுப் பார்ப்பது நல்லது. வேலை அங்கேதான் இருக்கிறது.

படகு 1980களில் கட்டியது, ஃபைபர் உடல். கூடமும் முன்பக்கப் படுக்கையும் சேர்ந்து ஏறக்குறைய 130 சதுர அடி. பின்பக்கம் ஒரு சிறிய படுக்கை உண்டு, அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. அங்கே பாய்களும் கயிறுகளும்தான் தூங்குகின்றன. வெளியே 33 டிகிரி இருக்கும் மதியத்தில் உள்ளே 36 காட்டும். கடலில் ஓடும்போது பிரச்சினை இல்லை, காற்று வரும். மரினாவில் கட்டியிருக்கும்போதுதான் நரகம். அங்கே காற்று அடங்கிப்போகும், மழை வந்தால் மேல்மூடிகளையும் சாத்த வேண்டும்.

முதலில் வாங்கியது ஏர்கோன் கடையில் 950 வெள்ளிக்குக் கிடைத்த, சக்கரம் வைத்த நகரும் மெஷின். 9,000 பிடியூ. பின்னால் ஒரே ஒரு தடித்த குழாய், அதை மேல்மூடி வழியாக வெளியே விட வேண்டும். கூடம் 33-லிருந்து 30-க்கு வந்தது, அதற்குக் கீழே இறங்க மறுத்தது. ஒற்றைக் குழாய் மெஷின் உள்ளே இருக்கிற காற்றையே எடுத்துத் தன் சூட்டோடு வெளியே ஊதுகிறது. அவ்வளவு காற்று வெளியே போனால் அதே அளவு வெளிக்காற்று எங்கிருந்தாவது உள்ளே வந்துதானே ஆக வேண்டும்? வீட்டில் கதவிடுக்கு மட்டும்தான். படகில் வாசல் பலகை, பாய்மரம் இறங்கும் ஓட்டை, நங்கூரச் சங்கிலிப் பெட்டி, இன்ஜின் அறை என்று எல்லா இடமும் இடுக்குதான். குளிர்ந்த காற்றை வெளியே தள்ளி ஈரக்காற்றை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தோம். போதாததற்கு, பக்கத்தில் ஃபெரி வேகமாகப் போனால் மெஷின் மேசைக்கும் சமையலடுப்புக்கும் நடுவே உருண்டு விளையாடும். 500 வெள்ளிக்கு ஒரு வாடகை வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டேன்.

அப்புறம் சுங்கைப் பட்டாணியில் எங்கள் வீட்டு ஏர்கோனைப் பார்க்கும் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தேன். ஏறி ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "அண்ணே, ஒரு எச்பி ஸ்பிளிட் போட்டுடலாம், அரை நாள் வேலை" என்றான். ஆயிரம் வெள்ளிக்குள் முடியும் என்றும் சொன்னான். பொய்யில்லை. இரட்டை உடல் படகுகள் சிலவற்றில் அப்படி மாட்டியிருப்பதைப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே ஓடுகிறது. எங்கள் படகில் வெளிப்பெட்டியை வைக்கப் பின்பக்கக் கம்பியைத் தவிர வேறு இடமில்லை. அங்கே வைத்தால் சுக்கான் பிடிப்பவரின் முதுகில் அது உட்காரும், அலையின் உப்புத்தண்ணீர் முழுக்க அதன் அலுமினியத் தகடுகளில் விழும். உள்பெட்டி முக்கால் மீட்டர் நீளம். இந்தப் படகில் அவ்வளவு நீளத்துக்கு நேரான சுவரே கிடையாது. எல்லாம் வளைவு. தம்பியும் டேப்பை வைத்து அளந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டான்.

மரினாவில் பல படகுகளில் இருக்கும் ஏற்பாடு வேறு. வீட்டுச் சன்னல் ஏர்கோனை ஒரு பிளைவுட் பெட்டியில் பொருத்தி, முன்பக்க மேல்மூடியின் மேல் கவிழ்த்து வைத்துவிடுகிறார்கள். சூடு வெளியே, குளிர் கீழே. மாதக்கணக்கில் கயிறு அவிழ்க்காமல் கிடக்கும் படகுக்கு இதைவிட மலிவான, சரியான வழி இல்லை. பழுதானால் தூக்கிப் போட்டுவிட்டு இன்னொன்று. நாங்கள் சனி ஞாயிறில் அடிக்கடி வெளியே போகிறவர்கள். ஒவ்வொரு முறையும் அந்தப் பெட்டியை இறக்கிக் கரையில் வைத்துவிட்டுப் போக என் முதுகு சம்மதிக்கவில்லை. அது இருந்தால் நங்கூரம் போடும் இடமும் அடைபடும்.

பேட்டரியில் ஓட்டலாமா என்றும் கணக்குப் போட்டேன். 12,000 பிடியூ மெஷின் ஓடும்போது சுமார் 1,100 வாட் இழுக்கும். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து இன்வர்ட்டர் வழியாக எடுத்தால் நூறு ஆம்பியர் போகும். 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி இரண்டு மணி நேரத்தில் காலி. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. இந்த ஏர்கோன் கரையின் கரண்ட் இருக்கும் இடத்தில் மட்டும் ஓடினால் போதும் என்று முடிவு செய்தபிறகு மற்ற முடிவுகள் எல்லாம் எளிதாகிவிட்டன.

அளவு விஷயத்தில் படகு ஏர்கோன் விற்பவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறார்கள். நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும் அறைக்குச் சதுர அடிக்கு 60 பிடியூ, தளத்தோடு ஒட்டிய அறைக்கு 90, தளத்துக்கு மேலே கண்ணாடி சூழ்ந்த அறைக்கு 120. எங்கள் கூடத்தில் பாதி நீருக்குக் கீழே, கூரை வெயிலில். 90 என்று எடுத்துக்கொண்டால் 11,700. ஊர்க் கடைக் கணக்கில் ஒன்றரை எச்பி. 16,000 பிடியூ மெஷின் 600 வெள்ளிதான் கூடுதல், பெரிதாகவே எடுத்துவிடலாமே என்ற ஆசை வந்தது. பெரிய மெஷின் சின்ன அறையைச் சட்டென்று குளிராக்கிவிட்டு நின்றுவிடும். ஈரத்தை உறிஞ்ச அதற்கு நேரம் கிடைக்காது. நம் ஊர்க் காற்றில் ஈரம்தான் பாதிப் பிரச்சினை. 24 டிகிரியில் பிசுபிசுப்பதைவிட 26-ல் உலர்ந்து கிடப்பது மேல். 12,000-த்திலேயே நின்றேன்.

கடல்நீர் மெஷினில் கம்ப்ரஸர், கண்டென்சர் (சூட்டைக் கடல்நீருக்குக் கடத்தும் பகுதி), காற்றுச் சுருள் எல்லாம் ஒரே தட்டில் உட்கார்ந்து வருகிறது. கேஸ் தொழிற்சாலையிலேயே அடைத்திருக்கும், கேஜ் மாட்டும் வேலை இல்லை. நாம் கொடுக்க வேண்டியது கடல்நீர், கரண்ட், காற்றுக் குழாய், சொட்டும் தண்ணீருக்கு வடிகால். நான்கே நான்கு. கேட்கும்போது சுலபமாகத்தான் இருந்தது.

இனி இடம். மெஷின் 48 சென்டிமீட்டர் நீளம், 28 அகலம், 33 உயரம், 26 கிலோ. இடது பக்க இருக்கையின் அடியில், டின் சாமான்கள் வைத்திருந்த பெட்டிக்குள் அட்டையால் அதே அளவில் ஒரு டப்பா செய்து இறக்கிப் பார்த்தேன். டப்பா உள்ளே போனது. மெஷின் போகவில்லை, ஏனென்றால் ஹோஸ் மாட்டும் பைப் நிப்பிள்கள் பக்கவாட்டில் நாலு சென்டிமீட்டர் துருத்திக்கொண்டிருந்தன. அட்டை டப்பா செய்கிறவர்கள் நிப்பிள், மின்பெட்டி, வடிகால் மூக்கு எல்லாவற்றையும் சேர்த்து, ஹோஸ் வளைவதற்கும் இடம் விட்டுச் செய்ய வேண்டும். இருக்கையின் மேல்பலகையை ஜிக்சாவால் அகலமாக்கி, அறுத்த ஓரத்துக்கு அடியில் சட்டம் ஒட்டினேன். கீழே 18 மில்லி மரைன் பிளைவுட்டில் ஒரு மேடை, எபாக்ஸி மூன்று பூச்சு, மெஷினுக்கும் மேடைக்கும் நடுவே ரப்பர். ரப்பர் இல்லாமல் ஒரு தடவை ஓட்டிப் பார்த்தேன். படகு முழுக்க முனகியது.

அடியில் கடல்நீருக்கு ஓட்டை போடப் படகைக் கரையேற்றுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய ஒரு வேலை இருக்கிறது, இதை யாரும் அவ்வளவாகச் சொல்வதில்லை. கடல்நீர் பம்ப் நீர்மட்டக் கோட்டுக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த ஏர்கோன்களுக்கு வரும் பம்ப் காந்தத்தால் சுழலும் வகை, தானாகத் தண்ணீரை உறிஞ்சாது. தண்ணீர் தானே வந்து அதை நிரப்ப வேண்டும். சரி, படகுக்குள் நீர்மட்டக் கோடு எங்கே? வெளியே பெயின்ட் தெரியும், உள்ளே எப்படித் தெரியும்? சமையலறைக் கடல்நீர்க் குழாயைக் கழற்றி, அதன் சீகாக்கில் (கடல்நீர் வழியைத் திறந்து மூடும் வால்வில்) இரண்டு மீட்டர், உள்ளே தெரியும் ஹோஸை மாட்டி, மறுமுனையை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு சீகாக்கைத் திறந்தேன். ஹோஸுக்குள் தண்ணீர் எந்த உயரத்தில் நிற்கிறதோ அதுதான் வெளியே கடலின் மட்டம். இருக்கைப் பெட்டிகளுக்குள் அந்த உயரத்தை மார்க்கரால் கோடு போட்டுக்கொண்டேன். தண்ணீர்த் தொட்டியும் டீசல் தொட்டியும் பாதி இருக்கும்போது எடுத்தால் இன்னும் நல்லது. படகு எடையைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே சாயும்.

இருக்கிற இன்ஜின் கடல்நீர்க் குழாயிலேயே ஒரு டீ (மூன்று வழி இணைப்பு) போட்டு எடுத்துவிடலாம், புது ஓட்டை வேண்டாம் என்று மரினாவில் இரண்டு பேர் சொன்னார்கள். மெஷினின் கையேடு அதை வேண்டாம் என்று தெளிவாகச் சொல்கிறது. இன்ஜின் ஓடும்போது அதன் பம்ப் ஏர்கோன் குழாயிலிருந்து காற்றை இழுத்துக்கொள்ளும். அவசரத்துக்கு இன்ஜினைப் போடும்போது அது தண்ணீர் இல்லாமல் சூடாவதை யாரும் விரும்ப மாட்டார்கள். ஏர்கோனுக்கு என்று தனி ஓட்டைதான் போட்டேன்.

கரையேற்றி ஒரு வாரம் நிறுத்த 1,450 வெள்ளி. ஓட்டைக்கான இடம், கீலுக்கு (படகின் அடித்தண்டுக்கு) இடது பக்கம், நடுவிலிருந்து ஒரு முழம் தள்ளி, இன்ஜின் குழாய்க்கும் ஆழமானிக்கும் பின்னால் இல்லாதபடி. உள்ளேயிருந்து 4 மில்லி டிரில்லால் ஒரு வழிகாட்டி ஓட்டை, பிறகு வெளியேயிருந்து 27 மில்லி ஹோல்சா. முக்கால் அங்குல த்ரூ-ஹல்லின் (படகின் உடலைத் துளைத்து நிற்கும் குழாய்ப் பொருத்தின்) மரையின் வெளிவிட்டம் 26 மில்லி சொச்சம், அதற்கு இது சரியாக இருக்கும். வெட்டி எடுத்த ஃபைபர் வட்டு 14 மில்லி தடிமன், நடுவில் மரமோ நுரையோ இல்லை, கெட்டி. அதைப் பார்த்த பிறகுதான் நிம்மதியாகத் தேநீர் குடித்தேன்.

பித்தளை விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். ஹார்ட்வேர் கடையில் 18 வெள்ளிக்குக் கிடைக்கும் பால் வால்வு பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சாதாரணப் பித்தளையிலிருந்து கடல்நீர் துத்தநாகத்தை உறிஞ்சிவிடும். மிஞ்சுவது இளஞ்சிவப்பு நிறத்தில் ஒரு பிஸ்கட். ஒரு நாள் கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு வந்துவிடும், படகு மூழ்கும். வெண்கலம் அல்லது டிஇசட்ஆர் (துத்தநாகம் எளிதில் கரையாத வகை) என்று அச்சடித்த பித்தளை மட்டும். மரையையும் பார்த்து வாங்க வேண்டும். அமெரிக்க மரையும் பிரிட்டிஷ் மரையும் இரண்டு சுற்று ஒன்றோடொன்று போகும், அப்புறம் இறுகிவிடும், இறுகியதை நாம் பொருந்திவிட்டது என்று நினைத்துக்கொள்வோம். நான் த்ரூ-ஹல்லையும் சீகாக்கையும் கடையிலேயே வெறும் கையால் ஏழு சுற்றுப் போகிறதா என்று திருகிப் பார்த்து வாங்கினேன். உள்ளே 18 மில்லி பலகையை எபாக்ஸியால் ஒட்டி, அதன்மேல் சீகாக். சீலன்ட் பாலியூரிதேன். வெளியே பிளவுகள் முன்னோக்கி இருக்கும்படி அள்ளும் மூடி. த்ரூ-ஹல், சீகாக், மூடி, வடிகட்டி எல்லாம் சேர்த்து 480 வெள்ளி.

தண்ணீரின் பாதைக்கு விதி ஒன்றுதான்: கடலிலிருந்து மெஷின் வரை ஏறிக்கொண்டே போக வேண்டும், மெஷினிலிருந்து வெளியேற்றும் ஓட்டை வரை இறங்கிக்கொண்டே வர வேண்டும். சீகாக், அதற்கு மேலே வடிகட்டி, அதற்கு மேலே பம்ப், அதற்கு மேலே கண்டென்சர். நடுவில் எங்கேயும் மேடு கூடாது. மேட்டில் காற்று உட்கார்ந்துகொள்ளும், இந்த பம்ப் காற்றைத் தள்ளாது. படித்தபோது இது தெளிவாகப் புரிந்தது. செய்யும்போது குறுக்கே ஒரு ஃபைபர் விலா இருந்தது, ஹோஸை அதன்மேல் ஏற்றி இறக்கினேன், ஒரு ஐந்து சென்டிமீட்டர் மேடுதானே என்று. அதன் பலன் கீழே வருகிறது.

கரண்ட் வேலைக்கு லைசென்ஸ் உள்ள வயர்மேன் ஒருவரை 300 வெள்ளிக்கு வைத்துக்கொண்டேன். தண்ணீரும் 230 வோல்ட்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும் இடத்தில் என் கைவண்ணத்தைக் காட்ட விருப்பமில்லை. ஏர்கோனுக்குத் தனி பிரேக்கர், 30 மில்லி ஆம்பியர் கசிவுத் தடுப்பு, 2.5 சதுர மில்லி வயர். வீட்டு வயர் வேண்டாம் என்று மட்டும் சொன்னேன். பல இழை, வெள்ளீயம் பூசியது, அதிர்ந்தாலும் உடையாது, உப்பில் கறுக்காது. பம்ப் தனி சுவிட்சில் இல்லை, மெஷினின் பெட்டியிலிருந்தே ஓடுகிறது, கம்ப்ரஸருக்கு முன்னால் கிளம்பிவிடும். அதோடு கரை எர்த் வயரில், உலோகத்தை அரிக்கும் மின்னோட்டத்தைத் தடுக்க ஒரு கால்வானிக் ஐசொலேட்டர், 550 வெள்ளி. கரையின் எர்த் வழியாக நம் படகின் உலோகமும் பக்கத்துப் படகின் உலோகமும் ஒரே சங்கிலியில் இணைந்துவிடுகின்றன. கடல்நீர் நடுவில் நிற்க, அது ஒரு பேட்டரி. இழப்பது, மற்ற உலோகத்தைக் காக்கத் தான் கரையும் நம் துத்தநாகக் கட்டி, அது தீர்ந்தால் புரொப்பெல்லர். ஏர்கோனுக்காகக் கரை கரண்டை இருபத்துநாலு மணி நேரமும் போட்டு வைக்கப்போகிறோம் என்றால் இது தேவை.

காற்றுக் குழாய் ஆறு அங்குலம், பஞ்சு சுற்றியது. மெஷினிலிருந்து அலமாரிக்குள் ஏறி, கூரையை ஒட்டிக் கூடத்துக்கு ஒரு வாய், முன்படுக்கைக்கு ஒரு வாய். திரும்பிவரும் காற்றுக்கு இருக்கையின் முன்பலகையில் 30-க்கு 30 சென்டிமீட்டர் சன்னல், அதன் பின்னால் வடிகட்டிச் சல்லடை. குளிர் மேலே வெளிவந்து தானே கீழே இறங்கட்டும், சூடு கீழ்வழியாக மெஷினுக்குப் போகட்டும் என்ற ஏற்பாடு. கூடத்து வாய் நேராக அந்தச் சன்னலைப் பார்க்கக் கூடாது. பார்த்தால் குளிர்ந்த காற்று சுற்றி வந்து வெப்ப உணரியை ஏமாற்றிவிடும், மெஷின் வேலை முடிந்தது என்று நின்றுவிடும்.

படகைத் தண்ணீரில் இறக்கி, சீகாக்கைத் திறந்து, கசிகிறதா என்று விரலால் எல்லா இணைப்பையும் தடவிப் பார்த்துவிட்டு சுவிட்சைப் போட்டோம். குளிர்ந்த காற்று வந்தது. என் மனைவி வாயின் முன்னால் முகத்தை வைத்துக்கொண்டு நகரவே இல்லை. பத்து நிமிடம் கழித்து கம்ப்ரஸர் நின்றது. திரையில் எச்பிஎஃப். உயர் அழுத்தப் பழுது என்று அர்த்தம், அதாவது கண்டென்சரின் சூடு வெளியே போகவில்லை.

தம்பிக்கு வீடியோ அனுப்பினேன். "கேஸ்ல ஒன்னும் இல்லண்ணே, தண்ணிய அளந்து பாருங்க" என்றான். வெளியேற்றும் ஓட்டைக்குக் கீழே ஒரு லிட்டர் ஜாடியைப் பிடித்து போனில் நேரம் பார்த்தேன். நிரம்ப 15 வினாடி. நிமிடத்துக்கு 4 லிட்டர். 12,000 பிடியூவுக்கு வேண்டியது 3 அமெரிக்க கேலன், அதாவது 11 லிட்டர். கடல் 30 டிகிரி, வெளியே வந்த தண்ணீர் 47. கணக்கும் ஒத்துப்போகிறது. மூன்றரை கிலோவாட் குளிர், அதோடு மெஷின் தின்னும் 1.1 கிலோவாட், இரண்டும் சேர்ந்த சூட்டை நிமிடத்துக்கு நாலு லிட்டர் சுமந்தால் 17 டிகிரி ஏறத்தான் செய்யும்.

காரணம் ஒன்றில்லை. முதலில் அந்த ஐந்து சென்டிமீட்டர் மேடு. அடுத்து பம்ப்பின் தலை. அதன் வெளிவழி பக்கவாட்டில் பார்த்தபடி பெட்டியில் வந்தது, அப்படியே மாட்டிவிட்டேன். தலையின் திருகுகளைக் கழற்றி, வெளிவழி மேலே பார்க்கும்படி திருப்பினால்தான் உள்ளே மாட்டிய காற்று தானாக ஏறிப் போகும். விலாவில் ஓட்டை போட்டு ஹோஸை நேராக விட்டேன், அறுத்த ஓரத்துக்கு எபாக்ஸி தடவினேன். ஜாடி எட்டரை வினாடியில் நிரம்பியது. 7 லிட்டர். பழுது காட்டவில்லை, ஆனால் மதியத்தில் மூச்சு வாங்கியது.

மிச்சம் இருந்தது முழங்கைகள். இடம் குறுகல் என்று நான்கு இடத்தில் 90 டிகிரி எல்போ போட்டிருந்தேன். இந்த வகை பம்ப்புக்கு அழுத்தம் குறைவு, ஒவ்வொரு எல்போவும் அதன் காலைப் பிடித்து இழுக்கும். பம்ப்பின் லேபிளில் போட்டிருக்கும் அளவு எதிர்ப்பே இல்லாத நிலையில், 60 ஹெர்ட்ஸில் அளந்தது. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ். சுழற்சி ஆறில் ஒரு பங்கு குறையும். இதை வாங்கும்போதே பார்த்திருந்தால் ஒரு அளவு பெரிய பம்ப் எடுத்திருப்பேன், நூறு வெள்ளி கூட ஆகியிருக்கும். மூன்று எல்போவை எடுத்துவிட்டு, கம்பிச் சுருள் வைத்த ஹோஸை அகலமாக வளைத்துக் கொண்டுபோனேன். இருக்கைப் பெட்டியில் மிச்சமிருந்த இடமும் போயிற்று. இப்போது 10.8 லிட்டர், வெளியே வரும் தண்ணீர் 36 டிகிரி. ஹோஸின் ஒவ்வொரு முனையிலும் 316 ஸ்டெயின்லெஸ் கிளிப் இரண்டு.

அடுத்த பிரச்சினை மெத்தையில் தெரிந்தது. ஈரம். மெஷினின் தட்டில் சேரும் தண்ணீருக்குப் பின்மூக்கில் ஹோஸ் மாட்டியிருந்தேன், படகு நிறுத்தத்தில் சற்றுப் பின்னோக்கிச் சாய்ந்து நிற்பதால். முன்பக்கத் தண்ணீர்த் தொட்டியை நிரப்பியதும் படகு மூக்கைத் தாழ்த்தியது, தட்டு முன்பக்கம் வழிந்தது. இரண்டு மூக்கிலும் ஹோஸ் மாட்டி ஒரு டீயில் சேர்த்ததும் தீர்ந்தது. எவ்வளவு தண்ணீர் என்று பார்க்க ஓர் இரவு ஐந்து லிட்டர் பாட்டில்களை வைத்துப் பிடித்தேன். விடிவதற்குள் 9 லிட்டர். இவ்வளவும் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்த காற்றில் இருந்திருக்கிறது.

முதலில் அந்த வடிகால் பில்ஜில் (படகின் அடிப்பள்ளத்தில்) விழுந்தது, பில்ஜ் பம்ப் இரவெல்லாம் கிளம்பி நின்றது, பூஞ்சை வாடை வேறு. அதைவிட முக்கியம், வடிகாலை இன்ஜின் பக்கத்தில் திறந்து விடவே கூடாது. மெஷினின் விசிறி காற்றை உறிஞ்சும் பக்கத்தில்தான் அந்தத் தட்டு இருக்கிறது. பில்ஜில் புகை இருந்தால் வடிகால் வழியாகவே அறைக்குள் இழுத்துவிடும். கார்பன் மோனாக்சைடுக்கு வாடை கிடையாது. ஹோஸில் தண்ணீர் நிற்கும்படி ஒரு வளையம் வைத்து, குளியலறைத் தொட்டியின் மிதவைப் பம்ப்புக்குக் கொண்டுபோனேன். கூடத்தில் ஒரு மோனாக்சைடு அலாரமும் மாட்டியாயிற்று. ஏர்கோன் போட்டால் எல்லா மூடியையும் சாத்திக்கொண்டுதான் தூங்குவோம், பக்கத்துப் படகுக்காரர் ஜெனரேட்டர் போட்டாலும் ஆபத்துதான்.

இப்போதைய நிலவரம். மாலை ஆறு மணிக்குப் போட்டால் 33-லிருந்து 26-க்கு வர முக்கால் மணி நேரம். பிறகு இரவெல்லாம் விட்டு விட்டு ஓடும். கிளாம்ப் மீட்டரில் மெஷின் 5.1 ஆம்பியர், பம்ப் 0.4. எல்லாப் படகும் ஏர்கோன் போடும் இரவு எட்டு மணிக்கு மரினா கரண்ட் 209 வோல்ட்டுக்கு இறங்குகிறது, இன்னும் இறங்கினால் கம்ப்ரஸர் கிளம்பத் திணறும், அதை மெதுவாகக் கிளப்பும் ஒரு சாஃப்ட் ஸ்டார்ட்டர் வாங்கும் யோசனை உண்டு. கரை வயரின் மிச்ச நீளத்தைத் தளத்தில் சுருட்டி வைத்திருந்தேன். மெஷின் ஓடும்போதே கேத்தலையும் போட்டதில் சுருள் தொட முடியாத அளவு சூடானது. இப்போது விரித்துத்தான் போடுகிறேன், வயரையும் தடித்த ரப்பர் வயராக மாற்றிவிட்டேன்.

மதியத்தில் கதை வேறு. கூரை மேல் நிழல் இல்லையென்றால் 30-க்குக் கீழே வராது. பாயின் அடிக்கம்பான பூமின் மேல் ஒரு கேன்வாஸ் விரிப்பை இழுத்துக் கட்டினால் 27. விரிப்பு தைக்க 600 வெள்ளி, 9,400-ல் அது சேரவில்லை. மெஷினுக்கு முன்னால் அதைத்தான் தைத்திருக்க வேண்டும். விரிப்பும் இரண்டு 12 வோல்ட் விசிறியும் போதும் என்று தோன்றுகிறவர்கள் அதோடு நிறுத்திக்கொண்டால் தப்பில்லை.

செலவில் இதுவரை சொல்லாதவை: பம்ப் 620, ஹோஸும் கிளிப்பும் 260, காற்றுக் குழாயும் வாய்களும் 310, வயர் பிரேக்கர் வகையறா 290, பிளைவுட்டும் எபாக்ஸியும் 240.

நம் கடலில் எதுவும் வெறுமனே இருக்காது. நாலு மாதத்தில் ஜாடி நிரம்பும் நேரம் எட்டு வினாடிக்கு ஏறியது. வடிகட்டிக் கூடையில் இலையும் நுங்குபோன்ற சொறிமுட்டைத் துண்டுகளும். அதைக் கழுவியும் சரியாகவில்லை, குழாய்க்குள்ளேயே சின்னச் சிப்பிகள். இரண்டு ஹோஸையும் கழற்றி ஒரு வாளியில் விட்டு, பத்து லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ சிட்ரிக் ஆசிட் கலந்து, ஒரு சின்ன பம்ப்பால் இரண்டு மணி நேரம் கண்டென்சர் வழியாகச் சுற்றவிட்டேன். வாளி கலங்கிப் பச்சையும் பழுப்புமாக ஆனது, ஓட்டம் பழையபடி வந்தது. ஒவ்வொரு தடவையும் கிளிப்பை அவிழ்த்து மாட்டுவது கொடுமை. பம்ப்புக்குப் பிறகு ஒரு மும்முனை வால்வும் வெளியேறும் பக்கம் இன்னொன்றும் முதலிலேயே போட்டிருந்தால் ஹோஸைத் தொடாமலே இதை முடித்திருக்கலாம்.

அடுத்து கரையேற்றும்போது த்ரூ-ஹல்லை ஒரு அங்குலமாக மாற்றுவதாக இருக்கிறேன், சீகாக்கும் வடிகட்டியும் அதே அளவில். முக்கால் அங்குல வெண்கலச் செட் அப்படியே கழன்று வரும், நல்ல நிலையில்தான் இருக்கிறது. பக்கத்து பெர்த்தில் 28 அடிப் படகு வைத்திருப்பவர் இப்போதே சொல்லி வைத்துவிட்டார்.